மைக் கொண்டுபோகிறவருக்கும் ஒரு கேள்வி உண்டு

(கடலூரில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொழில்நுட்பக் கொள்கை பற்றி நடக்கும் மாநாடுகளில் மாணவர்கள் தன்னார்வலர்களாகப் பணியாற்றுவதைக் குறித்துப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும், இது டெல்லியிலும் பெங்களூரிலும் நட்சத்திர ஓட்டல்களில் நடக்கும் காரியம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். சம்பந்தம் உண்டு. 2012 டிசம்பர் 28, 29, 30 ஆகிய மூன்று நாட்கள், இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில், பதினோராவது தமிழ் இணைய மாநாடு நடந்தது. உத்தமம் என்று நாம் சுருக்கி அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் மாநாடு அது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும், அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலும் அதே மாநாடு கூடியது. இரண்டுக்கும் நடுவில் நம் சிதம்பரம்.

தமிழ் இணைய மாநாட்டைக் கொள்கை மாநாடு என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். அங்கே படிக்கப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் சொற்பிழை திருத்தி, எந்திர மொழிபெயர்ப்பு, மின்னகராதி என்றுதான் இருக்கும். ஆனால் அந்த மாநாட்டுத் தொடர் பிறந்த கதையைப் பாருங்கள். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று முதல் கூட்டத்தைக் கூட்டினார். ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு விசைப்பலகை என்று தமிழ் சிதறிக் கிடந்த காலம் அது. 1999 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே சென்னையில் தமிழ்நெட் 99 மாநாட்டை நடத்தியது. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்துதான் வந்தது. டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளை அரசு ஏற்றதும் அதன் தொடர்ச்சியாகத்தான். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாட்டோடு சேர்ந்து இணைய மாநாடு நடந்த நாட்களில், யுனிகோட் எனப்படும் ஒருங்குறியைத் தரமாக ஏற்கும் அரசாணை வந்தது. உங்கள் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் எந்த எழுத்தில் அச்சாக வேண்டும், அது இன்னொரு அலுவலகத்துக் கணினியில் திறக்குமா என்பதை இப்படிப்பட்ட கூட்டங்கள் தீர்மானித்திருக்கின்றன. கொள்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2010ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நடந்த இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் இடம் கொடுக்கும்போது எ, ஒ, ழ, ற, ன என்ற தமிழ் எழுத்துகளையும் அந்த அட்டவணைக்குள் சேர்க்கலாம் என்று ஒரு முன்மொழிவு போனது. தமிழறிஞர்களும் தமிழ்நாட்டு அரசும் மறுப்புத் தெரிவித்தார்கள். 2014இல் ஒருங்குறியின் 7.0 பதிப்பில் கிரந்தம் இடம்பெற்றபோது அந்த ஐந்து எழுத்துகள் அதில் இல்லை. யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். நான் சொல்ல வருவது வேறு. அந்த முன்மொழிவுகள் யாவும் பொதுவில் கிடைக்கும் ஆவணங்கள். யாரும் படிக்கலாம், யாரும் மறுத்து எழுதலாம். எழுதியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் உங்கள் வயதுக்காரர்கள் இன்னும் குறைவு.

சிதம்பரத்தில் மாநாடு கூடிய அந்தக் குளிர்காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். மாநாட்டின் நிறைவு நாள், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்து சரியாக ஓராண்டு முடிந்த நாள். அந்தப் புயலில் பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் போன கிராமங்களில் செல்பேசி வெறும் பெட்டியாகக் கிடந்தது. இணையச் சட்டமும் அந்த நாட்களில் நம் பக்கத்தைத் தொட்டது. மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, 2012 அக்டோபரில், நமக்கு அடுத்த வீடான புதுச்சேரியில், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக ஒருவரைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைது செய்தார்கள். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தில் இரண்டு இளம்பெண்கள் ஒரு முகநூல் பதிவுக்காகக் கைதானார்கள். அதைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஷ்ரேயா சிங்கலுக்கு அப்போது 21 வயது. 2015 மார்ச் 24இல் அந்தப் பிரிவையே நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. வழக்கின் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. உங்கள் வயதில் ஒருவர் நாட்டின் இணையச் சட்டத்தில் ஒரு பிரிவை எடுத்தெறியக் காரணமாக இருந்திருக்கிறார்.

சிதம்பரத்து மாணவர்களுக்குக் கொள்கை என்பது புதிய பாடமும் இல்லை. 1965 ஜனவரி 27 அன்று, மொழிக் கொள்கையை எதிர்த்து எழுந்த மாணவர் கூட்டத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் உயிரிழந்தார். அரசு அலுவலகத்தில் எந்த மொழி என்பது அன்றைய கேள்வி. வங்கிச் செயலியில், புயல் எச்சரிக்கையில், மருத்துவமனை டோக்கன் இயந்திரத்தில் எந்த மொழி என்பது இன்றைய கேள்வி. இதைக் கேட்க உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்கும் இடத்துக்குள் போய் நிற்க வேண்டும். அப்படிப் போய் நிற்பதற்கு, கையில் காசும் பெயருக்குப் பின்னால் பட்டமும் இல்லாத ஒரு மாணவருக்குத் திறந்திருக்கும் வாசல்தான் தன்னார்வலர் பணி. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

ஆனால் அந்த வாசலை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? துறைத் தலைவரிடம் இருந்து வகுப்புக்கு ஒரு சுற்றறிக்கை வரும். பத்துப் பேர் வேண்டும் என்பார்கள். மாணவர்கள் முதலில் கேட்பது, வருகைப்பதிவு கிடைக்குமா என்ற பொருளில், “ஓ.டி. உண்டா சார்?” என்றுதான். அதில் தவறில்லை, வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது. பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு பேட்ஜும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட்டும் கிடைக்கும். மூன்று நாளும் விருந்தினருக்குப் பூங்கொத்து, பொன்னாடை, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுக் கூப்பன். அரங்கத்துக்குள் என்ன பேசினார்கள் என்று மாலையில் கேட்டால், அவர்களுக்குத் தெரியாது. வெளியே நின்றிருந்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்ட ஒரு சான்றிதழ். பல மாநாடுகளில் நான் கண்ட காட்சி இதுதான். கதவருகே நின்ற பிள்ளைக்கு, கதவுக்குள் நடந்தது எட்டாமலே போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பூங்கொத்து கொடுப்பது இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை. விருந்தினரை வரவேற்பது நம் ஊரின் பண்பு. ஆனால் ஒரு தொழில்நுட்பக் கொள்கை மாநாட்டில் தன்னார்வலர் செய்யும் வேலைகளுக்குள்ளேயே கொள்கை புதைந்து கிடக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்காமல் விடுவதுதான் வருத்தம்.

பதிவு மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர் பெயரைப் பட்டியலில் தேடி பேட்ஜ் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஔவை என்று ஒரு அம்மா வருகிறார். தேடினால் பெயர் இல்லை. அவர் பணம் கட்டிய ரசீதைக் காட்டுகிறார். விஷயம் என்னவென்றால், பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தும் அப்படித்தான். 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்ந்த பிறகு அதை இரண்டு விதமாக உள்ளிட முடியும், திரையில் வேறுபாடு தெரியாது. பதிவு மேசையில் இது ஐந்து நிமிடத் தாமதம். இணைய முகவரியில் இது மோசடிக்கு வழி. ஒரு வங்கியின் பெயரைப் போலவே தோன்றும் இன்னொரு தமிழ் முகவரியை ஒருவர் பதிந்துகொண்டால் என்ன செய்வது? இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் தமிழ் எழுத்திலேயே இணைய மேல்மட்டப் பெயர்கள் உண்டு. ஆகவே உலக இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்புக்கு, தமிழில் எந்த எழுத்துச் சேர்க்கைகளை அனுமதிக்கலாம் என்று விதி எழுத வேண்டியிருந்தது. அந்த விதிகளை எழுதிய குழுவில் இந்திய மொழிகளை அறிந்தவர்கள் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தார்கள். பதிவு மேசையில் ஔவை என்ற பெயரைத் தேடித் தவித்த மாணவிக்கு அந்தக் குழுவின் வேலை ஒரே நொடியில் புரியும். புத்தகத்தில் படித்தவருக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

அதே மேசையில் இன்னொரு பாடம் இருக்கிறது. செல்பேசி எண், மின்னஞ்சல், சில இடங்களில் ஆதார் நகல்கூட வாங்கி வைத்துக்கொள்கிறோம். எதற்காக வாங்கினோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யாருக்குக் கொடுப்போம் என்று சொல்கிறோமா? 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உள்ளே மேடையில் அந்தச் சட்டத்தைப் பற்றி வல்லுநர் பேசிக்கொண்டிருப்பார். வெளியே மேசையில் ஒரு நோட்டில் வந்தவர்களின் எண்கள் அத்தனையும் திறந்து கிடக்கும், வரிசையில் நிற்பவர் படித்துக்கொண்டே நிற்பார். இதைக் கவனித்து, “ஐயா, இந்த நோட்டை இப்படி வைக்கக் கூடாது” என்று பேராசிரியரிடம் சொல்லும் மாணவர் அந்தச் சட்டத்தைக் கற்றுவிட்டார்.

அடுத்து குறிப்பெடுக்கும் வேலை. எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். ஐ.நா. நடத்தும் இணைய ஆளுமை மன்றத்தின் அமர்வுகளில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் ஓடும். 2008 டிசம்பரில் ஹைதராபாத்தில் அந்த மன்றம் கூடியது. அதில் பேசியவற்றின் எழுத்து வடிவத்தை இன்றும் படிக்கலாம். நம் மாநாடுகளில் கட்டுரைத் தொகுப்பு மலராக அச்சாகிறது. கட்டுரை படித்து முடித்த பிறகு எழும் விவாதம், ஒருவர் எழுந்து சொன்ன மறுப்பு, அதற்கு வந்த பதில் எல்லாம் காற்றோடு போய்விடுகின்றன. கொள்கை உருவாவது அந்த விவாதத்தில்தான். எந்தக் காரணத்துக்காக ஒரு குறியீட்டை ஏற்றார்கள், இன்னொன்றை ஏன் தள்ளினார்கள் என்று பத்து வருடம் கழித்துத் தேடினால், இருந்தவர்களின் நினைவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஓர் அமர்வுக்கு இரண்டு மாணவர்களை உட்கார வையுங்கள். ஒருவர் பேச்சைக் குறித்துக்கொள்ளட்டும், மற்றவர் கேள்வியையும் பதிலையும் மட்டும் எழுதட்டும். யார் சொன்னது, எதை ஏற்றார்கள், எதில் உடன்பாடு இல்லை, யார் எந்த வேலையைச் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அன்று இரவே இருவரும் ஒப்பிட்டு ஒரு பக்கத்துக்குள் சுருக்கி, பேசியவரிடம் காட்டித் திருத்தம் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு அமர்வுக்குக் குறிப்பெடுத்த மாணவர், அந்தப் பொருளில் தன் வகுப்பில் வேறு யாரையும்விட நன்றாகப் பேசுவார். காரணம் எளிது. எழுதுவதற்காகக் கேட்பவர் அரைகுறையாகக் கேட்க முடியாது. தமிழில் பேசுவதைத் தமிழிலேயே எழுத வேண்டும். செவித்திறன் குறைந்தவர்கள் அவையில் இருந்தால், அந்தக் குறிப்பையே பெரிய எழுத்தில் திரையில் காட்டலாம். தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த இருவர் மாறி மாறி அமர்ந்தால் அது முடியாத காரியமில்லை. ஒரு விசைப்பலகைக்காக மாநாடு கூட்டிய சமூகம் நாம். அந்த விசைப்பலகையை மாநாட்டிலேயே பயன்படுத்த வேண்டாமா?

இனி மைக்குக்கு வருகிறேன். கேள்வி நேரம் வந்ததும் மைக்கை எடுத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடும் மாணவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். யார் கைக்கு மைக் போகிறது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். முன் வரிசையில் இருப்பவர் கை நீட்டினால் உடனே கிடைக்கும். கடைசி வரிசையில் அரைமனதோடு கை தூக்கிய மாணவியைக் கண்டுகொள்ள ஒரு கண் வேண்டும். அந்தக் கண் உங்களுக்கு இருக்கட்டும். அதோடு, மைக் கொண்டுபோகிறவரும் ஒருமுறை நின்று, தன் கேள்வியைக் கேட்க அவை அனுமதிக்க வேண்டும். தலைமை வகிப்பவர்கள் இதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம்மிடம் என்ன கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் இருந்து வந்திருக்கும் மாணவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களிடம் உள்ள கேள்வி டெல்லியில் எவரிடமும் இல்லை. அதை விளக்க, நம் எல்லைக்குச் சற்று வடக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதி கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது. கிராம மையத்துக்கு இடம் கொடுப்பதும், அதை நடத்த ஆட்களைத் தருவதும் ஊரின் பொறுப்பு. சம்பளம் வாங்காத உள்ளூர் இளைஞர்கள், அவர்களில் பலர் பெண்கள், கணினியைக் கற்றுக்கொண்டு மையத்தில் உட்கார்ந்தார்கள். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழில் சொல்லிப் பதிந்து, வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

நல்லவாடு அப்படி மையம் இருந்த ஊர்களில் ஒன்று. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 காலை, அந்த மையத்தில் முன்பு தன்னார்வலராக இருந்துவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு மீனவர் வீட்டு இளைஞர், இந்தோனேசிய நிலநடுக்கச் செய்தியைக் கேட்டார். ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்றார்கள். எல்லோரையும் உடனே வெளியேறச் சொல்லுங்கள் என்றார் அவர். மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. படகுகளும் வீடுகளும் போயின. உயிர் போகவில்லை. அதே காலையில் சில கிலோமீட்டர் தெற்கே நம் கடற்கரைக் குப்பங்களில் எத்தனை உயிர்கள் போயின என்பதை இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இளைஞருக்குத் தொழில்நுட்பக் கொள்கை என்று யாரும் பாடம் நடத்தவில்லை. தகவல் மையத்தில் உட்கார்ந்த நாட்களில், ஒரு செய்தி எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக எந்த மொழியில் கரைக்கு வந்து சேர வேண்டும் என்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. ஊரில் ஒலிபெருக்கி இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, அதை யார் இயக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். தன்னார்வலர் பணி ஒருவரைப் பழக்குவது என்றால் அதுதான்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, பல நாள் தங்கி மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்டத்து மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. 2023இல் செல்பேசிகளில் பெரும் சத்தத்தோடு சோதனை எச்சரிக்கை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கோபுர அலைவரிசை கிடைக்கும் இடத்தில் மட்டும்தான் அது ஒலிக்கும். கரையில் இருந்து தூரம் போன விசைப்படகுக்கு எந்தக் கருவி, அதை யார் வாங்கித் தருவது, அதில் வரும் செய்தி எந்த மொழியில், பழுதானால் யாரிடம் போவது? இவை கொள்கைக் கேள்விகள். அப்பாவோ மாமாவோ கடலுக்குப் போகிற வீட்டில் இருந்து வரும் மாணவர் இதை மைக் பிடித்துக் கேட்கும்போது மேடையில் இருப்பவர் பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஆசிரியர்களிடமும் மாநாடு நடத்துபவர்களிடமும் சில வார்த்தைகள். தன்னார்வலர் என்றால் கூலி இல்லாத ஆள் என்று நினைக்கும் பழக்கத்தை விட வேண்டும். கணினித் துறையின் பெரிய உலக மாநாடுகளில் ஒன்றான சி.எச்.ஐ. மாநாட்டில் மாணவத் தன்னார்வலர் சுமார் 20 மணி நேரம் வேலை செய்தால் பதிவுக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மற்ற நேரத்தில் எந்த அமர்வுக்கும் போகலாம். மணிக்கணக்கு முன்கூட்டியே எழுத்தில் இருக்கும். நம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம் என்று கணக்கு இருக்கிறது அல்லவா? மாநாட்டுப் பணியையும் அப்படி மணிக்கணக்கில் எழுதுங்கள். பாதி நேரம் வேலை, பாதி நேரம் அரங்கத்துக்குள் என்று அட்டவணை போடுங்கள். கட்டுரைச் சுருக்கங்களை ஒரு வாரம் முன்பே அவர்களுக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பேருந்துக் கட்டணத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். காட்டுமன்னார்கோயிலில் இருந்தோ குறிஞ்சிப்பாடியில் இருந்தோ மூன்று நாள் சிதம்பரத்துக்கு வந்து போகும் மாணவருக்குச் செலவு இருக்கிறது. மாணவிகளுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, ஆனால் ஊர்விட்டு ஊர் போகும் விரைவுப் பேருந்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். கையைவிட்டுச் செலவழிக்க முடிந்தவர்கள் மட்டும் தன்னார்வலர்களாக வந்தால், யாருடைய குரலைக் கேட்க வேண்டுமோ அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அழைப்பிதழ் அச்சுக்கும் பிளக்ஸ் பலகைக்கும் ஆகும் செலவில் சிறு பங்கு இதற்குப் போதும்.

மாணவிகளைப் பற்றி இன்னொன்று. மாலை அமர்வு ஏழு மணிக்கு முடியும் என்று அட்டவணையில் போட்டுவிட்டு, பெண்கள் விடுதிக் கதவை அதற்கு முன்பே பூட்டினால், முக்கியமான விவாதம் நடக்கும் நேரத்தில் அவர்கள் கிளம்பிப் போக வேண்டியிருக்கும். விடுதிக் காப்பாளரிடம் முன்பே அனுமதி வாங்கி, திரும்பிக் கொண்டுவிட வாகன ஏற்பாடு செய்வது நடத்துபவர் கடமை. பிரச்சினை ஏதும் வந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பேராசிரியையின் பெயரும் எண்ணும் பேட்ஜின் பின்புறத்தில் இருக்கட்டும். வீட்டில் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இது கொடுக்கும் தைரியம் பெரிது.

சிதம்பரத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். தமிழ் இணைய மாநாடு 2014இல் பக்கத்தில் புதுச்சேரியிலும், 2016இல் திண்டுக்கல் காந்திகிராமத்திலும் நடந்தது. நாம் போய்வரும் தூரம்தான். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இளைஞர் குழு இயங்குகிறது. அங்கே தன்னார்வலராகச் சேரத் தேவை ஆர்வம் மட்டும்தான். ஐகான் அமைப்பு 18 முதல் 30 வயது வரையுள்ள கல்லூரி மாணவர்களுக்கென்றே நெக்ஸ்ட்ஜென் என்ற திட்டம் வைத்திருக்கிறது. தேர்வானால் பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களுடையது. 2016 நவம்பரில் ஐகானின் கூட்டம் ஹைதராபாத்தில் நடந்தது. இணைய ஆளுமை மன்றத்துக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது, இணையவழியாகவும் கலந்துகொள்ளலாம். ஆங்கிலம் சரளமாக வராதே என்று பின்வாங்காதீர்கள். நெக்ஸ்ட்ஜென் விண்ணப்பத்தில் பார்ப்பது உங்களுக்கு எந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது, அதற்காக இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்பதைத்தான். உங்கள் ஊர் மாநாட்டில் இரண்டு நாள் குறிப்பெடுத்து அதை வெளியிட்டிருந்தால், அதுவே நல்ல பதில்.

ஒரு மாநாடும் நடக்காத ஆண்டிலும் வேலை இருக்கிறது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், டிராய் என்று சொல்கிறோமே, எந்த முக்கிய முடிவுக்கு முன்பும் கலந்தாய்வுத் தாள் வெளியிடுகிறது. அதில் கேள்விகள் வரிசையாக இருக்கும், பதில் அனுப்பக் கடைசித் தேதி இருக்கும். மற்றவர்கள் அனுப்பிய பதிலுக்கு மறுப்பு எழுதவும் அவகாசம் தருவார்கள். 2015இல் இணையச் சமத்துவம் பற்றிய தாளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8இல், இணையத்தில் ஒரு தளத்துக்கு ஒரு கட்டணம், இன்னொன்றுக்கு வேறு கட்டணம் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று ஆணையம் விதி போட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வரைவு விதிகளை 2025 ஜனவரியில் வெளியிட்டபோதும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மாநாட்டில் தன்னார்வலராக இருந்த பத்து மாணவர்கள் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, ஆளுக்கு இரண்டு கேள்வி பிரித்துக்கொண்டு, தமிழில் விவாதித்துப் பதில் எழுதலாம். ஆசிரியர் ஒருவர் பார்த்துத் திருத்தினால் போதும்.

இந்தக் கல்லூரியிலும் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டைப் பக்கமும் படிக்கும் நீங்கள், இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அப்படி ஒரு பதிலை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலில் இருக்கும் படகுக்கு எச்சரிக்கை எப்படிப் போக வேண்டும் என்ற கேள்வியையே முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் தேவனாம்பட்டினம் மீனவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தைச் சேர்த்து அனுப்புங்கள்.